லயத்து வாசலில் ஒரு படகு

பசறையிலிருந்து மேலே ஏறுகிற தோட்டத்து ரோட்டில், கடலுக்கும் குளத்துக்கும் சம்பந்தமே இல்லாத உயரத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்து வாசலில் படகு கிடந்தது. குப்புறக் கிடந்தது. பின்னால் கோழிக்கூடு, பக்கத்தில் கொடியில் காயும் துணி, சுற்றிலும் தேயிலை, நடுவில் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரு ஃபைபர் படகு. பஸ்ஸில் போன சனமெல்லாம் ஒரே பக்கமாக எட்டிப் பார்த்ததில் பஸ்ஸே அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மலைக்குக் கடல் வருதாம்! கடலுக்குப் போறவங்க எல்லாம் இறங்குங்க!" என்று கத்தினான்.

படகுக்குச் சொந்தக்காரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அரத்தாளால் படகின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "வரத்தான் போகுது. வந்தா உன்ன மட்டும் ஏத்த மாட்டேன், போ!" என்றாள்.

அதுதான் பூவம்மா. வாய்க்குப் பூட்டே கிடையாது. நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து ஆய்ந்தவள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே "வந்துட்டேன், எழுதுங்க" என்று குரல் கொடுக்கிற ஆள். கங்காணியோடு சண்டை போடாத வாரம் அவளுக்கு வாரமே இல்லை. அப்படி இருந்தவளுக்கு ஒருநாள் மழையில் சரிவு இறங்கும்போது முழங்கால் கடக்கென்றது. டாக்டர் பார்த்தார், எண்ணெய் எழுதிக் கொடுத்தார், இனி மலை ஏறாதே என்றார். மலையிலே பிறந்து மலையிலே வேலை செய்கிறவளைப் பார்த்து மலை ஏறாதே என்றால் அவள் எங்கேதான் போவாள்?

மொனராகலைக்குப் போனாள். மொனராகலைக்கும் கீழே, காடும் கரும்புமாகக் கிடக்கிற பக்கத்தில், அளுத்வெவ என்று ஒரு குளம். புதுக்குளம் என்று அர்த்தம். வெட்டி எத்தனை தலைமுறை ஆயிற்றோ, பெயரில் மட்டும் இன்னும் புதுசு. அதன் கரையில் ஒரு விடுதி. அங்கே அறை துடைக்கிற வேலை. திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் வீடு. அறை துடைப்பதும் முழங்கால் வேலைதான் என்று போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மண்டியிட்டுத் துடைக்கும்போதெல்லாம் அந்த முழங்கால் அவளைத் திட்டியது, அவள் முழங்காலைத் திட்டினாள். இப்படியே ஆறு வருஷம்.

அந்த விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீன்பிடிக்க வருகிறவர்கள். வெள்ளைக்காரர், கொழும்புக்காரர், எல்லாருக்கும் விரால் மேலேதான் கண். புழு கோர்ப்பதில்லை, மா உருட்டுவதில்லை. பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் செய்த பொய் மீனையும் பொய்த் தவளையையும் நூலில் கட்டித் தாமரை இலைக்கு நடுவே எறிந்து இழுப்பார்கள். லூர் என்று அதற்குப் பெயர். விரால் ஏமாந்து வந்து அடிக்க வேண்டும். அடித்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் லூரைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் போய்ச் சோறு தின்பார்கள்.

குப்பைக்கூடையைக் காலி பண்ணுகிறவள் யார்? பூவம்மா.

முதலில் கிடைத்தது ஒரு பச்சை மீன். மூக்குக்குக் கீழே இருக்கிற சின்னத் தகடு உடைந்திருந்தது. அந்தத் தகடுதான் மீனைத் தண்ணீருக்குள் இறக்கி ஆட்டுகிறது என்பதைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பழைய சீடி ஒன்றை வெட்டி ஒட்டினாள். மறுநாள் தூக்கி எறிந்த ஆளிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பத்து மணிக்கு இரண்டு விராலோடு வந்து அவளைத் தேடினார்.

அதோடு பிடித்தது பைத்தியம். வீட்டுக்கு வருகிற சனி ஞாயிறெல்லாம் அல்பீசியாக் கட்டையை வைத்துக்கொண்டு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் சீவிக்கொண்டிருப்பாள். அல்பீசியா லேசான மரம், தக்கையாக மிதக்கும். வயிற்றில் துளை போட்டு ஈயத் துண்டு வைப்பாள். கண்ணுக்கு அறுந்த மாலை மணி. நிறத்துக்கு கியூடெக்ஸ். மகள் கௌசிகா பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை. அவள் நகத்துக்கு வாங்குகிற கியூடெக்ஸ் எல்லாம் மீனுக்குப் போயிற்று. "அம்மா, என் செவப்பு எங்க?" என்று கேட்டால், "அது இப்ப குளத்தில நீந்துது" என்பாள். தவளைக்குக் கால் வேண்டுமே? விடுதியில் கக்கூஸ் கழுவப் போடுகிற மஞ்சள் ரப்பர் கையுறை கிழிந்தால், அதை நூல்நூலாக நறுக்கிப் பின்னால் கட்டிவிடுவாள். தண்ணீரில் அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் நிஜத் தவளைக்கே வெட்கம் வரும். எல்லாவற்றையும் பரீட்சை பண்ணுவது லயத்துக்கே தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில். லயத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, இவள் தொட்டிக்குள் மரத் தவளையை இழுத்துக்கொண்டிருப்பாள்.

"தண்ணி புடிக்க விடுவியா, மீன் புடிக்கப் போறியா?" என்று அங்கம்மா கத்துவாள். அங்கம்மா அதே லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கிறவள்.

"ரெண்டு நிமிஷம் பொறு. இவன் ஒரு பக்கமா நொண்டுறான். வயித்துல ஈயம் பத்தல்ல."

செய்தது மட்டுமா? எறியவும் படித்தாள். அதே விடுதியில் படகு ஓட்டுகிற றில்வான் தன் பழைய தூண்டில் கம்பைக் கொடுத்தான். நல்ல பிள்ளை, முப்பது வயது இருக்கும். அறை வேலை தொடங்குவதற்கு முன்னால், ஐந்தரை மணிக்குக் குளக்கட்டில் நிற்பாள். விருந்தாளிகள் தவளையை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்காது. "தவளை என்ன பசறை பஸ்ஸைப் புடிக்கவா ஓடுது? ஒரு தாவு தாவும், நிக்கும், யோசிக்கும், திரும்பத் தாவும். விரால் அடிக்கிறது அது நிக்கிறப்பதான்" என்பாள். கொழுந்து ஆய்கிற கைக்கு அது வராதா என்ன? கொழுந்தை இழுக்கக்கூடாது, மணிக்கட்டால் சுண்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சுண்டின மணிக்கட்டு. தவளை அப்படியே உயிரோடு போனது. விரால் வாயைத் திறந்து கவ்வினதும் பதறி இழுக்காமல், ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மேலே தூக்குவாள். றில்வான் வாயைப் பிளந்தான். "அக்கா, நான் பதினஞ்சு வருஷமா இந்தக் குளத்தில கிடக்கிறன். இவ்வளவு நாளும் இந்த வித்தைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"தேயிலைக்குள்ள" என்றாள் பூவம்மா.

அப்புறம் அந்த யோசனை வந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது படகு ஓட்டுகிற வேலை. முழங்காலுக்கு வேலையே இல்லை. தன் படகு, தன் லூர், தானே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். விடுதிக் குசினிக்குப் பின்னால் ஒரு கைவிட்ட படகு கிடந்தது; கோழி அதற்குள் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டாள். தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்.

ஆனால் அந்தக் குளத்தில் நினைத்தவுடனே படகு இறக்க முடியாது. மீன்பிடிச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆட்களை ஏற்றுகிற படகுக்குச் சங்கத்தின் அனுமதிக் கடதாசி வேண்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு கூட்டத்தில்தான் புதுக் கடதாசி கொடுப்பார்கள். அன்றைக்குச் சங்கத் தலைவர் சுமனபால தானே படகில் ஏறுவார். இன்னும் ஒரு ஆளையும் ஏற்றிக்கொண்டு, குளத்து நடுவில் நிற்கிற பட்டமரத்தைச் சுற்றிக் கரைக்கு வர வேண்டும். சரியாக வந்தால் கடதாசி. இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

கடதாசி கிடைக்கும் என்பதில் பூவம்மாவுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுவிட்டாள். துடைப்பத்தையும் வாளியையும் முதலாளி முன்னால் வைத்து, "இனி விருந்தாளிகளோட வந்தா படகுக்கரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். றில்வானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடதாசி கைக்கு வந்த பொறகு விட்டிருக்கலாமே அக்கா?"

"வரும் தம்பி. வராம எங்க போகும்?"

படகை ஏன் மலைக்குக் கொண்டுபோனாள் என்று கேட்கிறீர்களா? மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழே வந்த லொறி வெறுமையாகத் திரும்பிற்று, அது ஒன்று. கணவரும் அவருடைய கூரை ஒட்டுகிற சாமான்களும் வீட்டில்தான், அது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் வேறு. தோட்டம் முழுக்க அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நொண்டிக் காலோடு கீழே போனவள் படகோடு திரும்பி வந்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டாமா?

கூட்டத்துக்கு முன்னால் இரண்டு மாதம் சனி ஞாயிறெல்லாம் வேலை நடந்தது. முதலில் படகை நிமிர்த்தி உள்ளே தண்ணீர் நிரப்பினாள். வெளியே எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டாள். அடியில் மூன்று வெடிப்பு. உளுத்துப்போன குறுக்குப் பலகையைக் கழற்றிவிட்டுச் சவுக்குப் பலகை போட்டாள். பாசியைச் சுரண்டினாள், தேய்த்தாள், கழுவினாள், காயவைத்தாள். இதெல்லாம் பொன்னான வேலை, குறை சொல்ல இடமில்லை. வெடிப்பை அடைக்கிற இடத்தில்தான் அம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

றில்வான் முதலிலேயே சொல்லியிருந்தான்: "ஃபைபர் துணியும் ரெசினும்தான் போடணும் அக்கா. வேற ஒண்டும் நிக்காது."

"ரெசினாவது கிசினாவது. எங்க லயத்துக் கூரையப் பாத்திருக்கியா நீ?"

அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கணவர் ரெங்கசாமி தோட்டத்தில் கூரை பார்க்கிறவர். தகரத்தில் ஓட்டை விழுந்தால் சாக்குத் துணியைக் கிழித்து வைத்து, அதன்மேல் தாரைக் காய்ச்சி ஊற்றி, இன்னொரு துணி, இன்னொரு பூச்சு. மலைநாட்டில் எந்த லயத்துக்குப் போனாலும் கூரையில் இந்தக் கறுப்பு ஒட்டு இருக்கும். மழை, பனி, காற்று எதற்கும் அசையாது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் தண்ணீரைத் தடுக்கிற சாமான் தாரை விட்டால் வேறு என்ன? பால்மா டின்னில் தார் கொதித்தது. ரெங்கசாமி ஊற்ற ஊற்றப் பூவம்மா சாக்கை வைத்து அழுத்தினாள். மூன்று ஒட்டும் பளபளவென்று வந்தன.

தோட்டத்து மேலாளரான பெரிய தொரையிடம் கேட்டு, பேக்டரிக்குத் தண்ணீர் போகிற சின்ன அணைக்கட்டில் படகை இறக்கினார்கள். பூவம்மாவும் அங்கம்மாவும் ஏறி அரை மணி நேரம் சுற்றினார்கள். ஒரு சொட்டு? ம்ஹூம்! அங்கம்மா தரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அடியே, என் காம்பராவுலகூட இவ்வளவு காய்ஞ்ச எடம் இல்லடி" என்றாள். கரையில் நின்ற சனம் கைதட்டியது. ரெங்கசாமி மட்டும் ஏறவில்லை. தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. பீலியில் குளிக்கும்போதுகூடத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பயந்து பயந்துதான் குளிப்பார்.

"கூட்டத்தன்னைக்கு நீங்கதான் என் ரெண்டாவது ஆளு" என்றாள் பூவம்மா.

"நானா?"

"வேற யாரு? பொஞ்சாதி படகுல புருசனே ஏறலன்னா ஊரான் ஏறுவானா?"

அவர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "சரி, நீ ஓட்டுறதுன்னா ஏறுறேன்" என்றார்.

சனிக்கிழமை அதே லொறியில் படகு கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரீட்சை என்று சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ வலைக் கண்ணின் அளவைப் பற்றிச் சண்டை கிளப்ப, ஏழு ஒன்பதாகி, ஒன்பது பதினொன்றாயிற்று. அந்த நாலு மணி நேரமும் படகு குளக்கட்டில் கிடந்தது. எப்படிக் கிடந்தது? குப்புற! போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த மூன்று ஒட்டையும் பார்க்கட்டும் என்று பூவம்மாவே திருப்பிப் போட்டு வைத்திருந்தாள். மொனராகலை வெயில் அதன்மேல் நேராக இறங்கியது. அங்கத்து வெயிலுக்கு ரோட்டே இளகும். அங்கே ஆறு வருஷமும் அறைக்குள்ளேயே துடைத்துக் கிடந்தவளுக்கும், மலையில் கூரைமேல் அடிக்கிற வெயிலைப் பார்த்தே முப்பது வருஷம் தார் காய்ச்சினவருக்கும் அது எப்படித் தோன்றும்? தோன்றவில்லை. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் தின்றுகொண்டிருந்தார்கள்.

சுமனபால வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, சிரிக்கத் தெரியாத முகம். நாலு பேர் படகைத் திருப்பி, சரளைக்கல் மேலே இழுத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். றில்வான் விருந்தாளிகளோடு குளத்தின் மறுகரையில் இருந்தான். மிதக்கிற சட்டை மூன்றைக் கொடுத்து வைத்திருந்தான், அதை மூவரும் மாட்டிக்கொண்டார்கள். ரெங்கசாமி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். மூக்கை உறிஞ்சினார். அப்புறம் பேசாமல் ஏறி முன்பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையையும் இரண்டு முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

பூவம்மா துடுப்புப் போட்டாள். படகு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் தேயிலைக்காரி படகு ஓட்டுகிறாள் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தது அவளுக்குக் கேட்டது. சிரிக்கட்டும். இருபது துடுப்புக்கு மேலே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த நாளுக்காகத்தானே இத்தனை பாடும்!

பட்டமரத்தைச் சுற்றித் திரும்பும்போதுதான் இடது காலில் ஈரம் பட்டது.

குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் இருந்த நடு வெடிப்பிலிருந்து தண்ணீர் கொப்புளம் விட்டுக்கொண்டு வந்தது. ஓரத்தில் தார் கறுப்பாக இளகிக் கிடந்தது. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெயில். சரளைக்கல். இளகின தாரைச் சரளை வழித்து எடுத்துவிட்டது. "அட பாவி பூவம்மா!" என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். இடது குதிகாலைத் தூக்கி வெடிப்பின்மேல் வைத்து அழுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் வெறுங்காலோடு மலை மிதித்த குதிகால். தண்ணீர் நின்றது. முழுக்க நிற்கவில்லை, நூலாகக் கசிந்தது. மற்ற இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சுமனபால வாயைத் திறந்தார். "அக்கே, உங்க தவளை பெரிய கெட்டிக்காரத் தவளைன்னு றில்வான் சொல்றான். எங்க, பாப்போம்."

எழுந்து நின்றால் குதிகால் விலகும். உட்கார்ந்தபடியே கம்பை எடுத்தாள். தாமரை இலைகளுக்கு நடுவே கைவிரிப்பு அளவுக்கு ஒரு வெளி. மஞ்சள் கால் தவளை போய் அதில் விழுந்தது. ஒரு சுண்டு. நிறுத்தினாள். இரண்டு சுண்டு. நிறுத்தினாள். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் துடித்தது. மூன்றாவது தடவை தவளை நின்ற இடத்தில் குளம் வெடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தூக்கினாள். கம்பு வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. விரால் இலைக்குள் நுழையப் பார்க்க, இவள் விடாமல் இழுக்க, கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் படகுக்குள் விழுந்து சுமனபாலவின் வெள்ளைச் சாரத்தில் சேற்றை அடித்தது.

சிரிக்கத் தெரியாத மனுசன் சிரித்தார்! சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். "போதும் அக்கே, போதும்! கரைக்கு விடுங்க. கடதாசி சட்டைப் பையிலதான் இருக்கு."

கரைக்கு இருநூறு பாகம் தூரம் இருக்கும். குதிகால் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டால் போதும். இறங்கினவுடன் கடதாசி. நாளைக்கு ரெசின் வாங்கிப் பூசிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது? வேலையையும் விட்டாயிற்று. இது போனால் ஒரு வருஷம். திரும்பிப் போய் அந்த வாளியையும் துடைப்பத்தையும் கேட்டு வாங்கி மண்டிபோட வேண்டும். தோட்டத்துக்குப் போனால் கடல் வந்திச்சா பூவம்மா என்று கேட்பார்கள். வாயை மூடு, பூவம்மா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாயை மூடு.

துடுப்பைத் தூக்கினாள். எதிரே ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். ஏறும்போது எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே, ஒரு அங்குலம் அசையாமல். சுற்றிலும் தண்ணீர். அந்தக் குளத்தில் முதலை இல்லை என்று எவனும் சத்தியம் பண்ண மாட்டான். நீச்சல் தெரியாத மனுசன், விராலைப் பார்த்து, அப்புறம் அவளைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

"மாத்தயா," என்றாள் சிங்களத்தில். "படகுக்குள்ள தண்ணி வருது. என் காலுக்கடியில வெடிப்பு இருக்கு. குதிகாலால அடைச்சுக்கிட்டு இருக்கேன். கரைக்குப் போற வரைக்கும் தாங்கும். ஆனா வருது. பிழை என்னுது, ஒட்டினது நான்தான்."

சுமனபாலவின் சிரிப்பு மறைந்தது. குனிந்து அவள் காலைப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் அவருடைய கால் விரல் வரைக்கும் வந்திருந்தது. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பின்னால் கிடந்த பழைய டின்னை எடுத்துத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினார். "துடுப்பைப் போடுங்க" என்றார். ஒருத்தர் அள்ள, ஒருத்தி வலிக்க, ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருக்கப் படகு கரை சேர்ந்தது.

இறங்கினதும் தலைவர் படகைத் திருப்பச் சொன்னார். நடு ஒட்டு பாதி காணோம். மற்ற இரண்டிலும் சரளைக்கல் பதிந்து கிடந்தது. விரலால் தொட்டு இழுத்தார். தார் சர்க்கரைப் பாணி மாதிரி நீண்டு வந்தது. தன் சாரத்தைப் பார்த்தார், அதிலும் தார்.

"தார்?" என்றார்.

"தார்தான் மாத்தயா. எங்க ஊர்ல நிக்கும்."

"இது உங்க ஊரா?"

பூவம்மா தார் படிந்த குதிகாலைத் தரையில் தேய்த்தாள். சுமனபால கடதாசியை வெளியே எடுத்தார், பார்த்தார், மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவர் சங்கத்துக் காரியதரிசியைக் கூப்பிட்டார். "கூட்டம் முடிஞ்சதுன்னு எழுதாத. அடுத்த ஞாயிறு வரைக்கும் இன்னும் நடக்குது" என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "இந்தக் கண்றாவிய எல்லாம் சுரண்டி எறிங்க. றில்வான்கிட்டக் கேட்டு ரெசின் போடுங்க. ஞாயித்துக்கிழமை நானே ஏறுவேன். என் சாரத்தைக் கழுவச் சவுக்காரமும் கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வேப்ப மரத்தடியில் பூவம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். குதிகால் முழுக்கத் தார். ரெங்கசாமி எங்கேயோ போய்க் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு துணியும் வாங்கிக்கொண்டு வந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஏறுறப்பவே தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"தார் மணத்திச்சு. முப்பது வருஷமா அந்த மணத்துலதான் சோறு திங்கிறேன். அடுப்பே இல்லாம தார் மணக்குதேன்னு நெனச்சேன்."

பூவம்மா எழும்பி உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா ஏறினீங்க? ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தலைவர் ஏறி உக்காந்துட்டாரு. ஒம் மூஞ்சியப் பாத்தேன். அப்படிப் பூரிச்சுப்போய் இருந்திச்சு. எனக்கு வாய் வரல்ல."

"நடுக்குளத்துல தண்ணி வந்தா?"

"வந்தா நீ சொல்லுவேன்னு தெரியும். நீ என்ன வாய மூடிக்கிட்டு இருக்கிற ஆளா?"

அவள் குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "சொல்லாம விட்டுடலாம்னுதாங்க நெனச்சேன்" என்றாள். "கொஞ்ச நேரம் அப்படித்தான் நெனச்சேன்."

ரெங்கசாமி துடைக்கிற கையை நிறுத்தவில்லை. "கொஞ்ச நேரந்தானே" என்றார்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் குளக்கரையிலேயே கிடந்தார்கள். றில்வான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பூவம்மா தாரை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினாள். ஃபைபர் துணியை வெட்டி வைத்து, ரெசினைக் கலக்கிப் பூசி, அதே மொனராகலை வெயிலில் காயப்போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமனபால வேறு சாரம் கட்டிக்கொண்டு வந்தார், நிறம் கறுப்பு. படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அவர் கால் வைப்பதற்கு முன்னாலேயே, நீச்சல் தெரியாத ரெங்கசாமி போய் ஏறிவிட்டார். அதே இடத்தில் உட்கார்ந்தார். குனிந்து, மூக்கைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக உறிஞ்சிப் பார்த்தார். நிமிர்ந்து இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"மணக்கல்ல" என்றார். "ஓட்டு."